கைகூப்பும் எமோஜி ‘ஹைஃபைவ்’ இல்லை

“முன்பின் தெரியாதவர்களுக்குக் கைகூப்பும் எமோஜி அனுப்பாதீர்கள், அது இரண்டு பேர் கை தட்டிக்கொள்ளும் ஹைஃபைவ். சிரிப்பு முகம் போடுங்கள், நம்பிக்கை வரும்.” கம்பம், குமுளி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்த ஃபார்வர்டில் இரண்டு பாதியுமே தவறு.

எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் உலகம் முழுக்கப் பொதுவான தரம் யூனிகோடு. 2010இல் அதன் 6.0 பதிப்பு இந்தக் குறியைச் சேர்த்தபோதே வைத்த பெயர், கைகூப்பிய நபர். ஒருவர்தான், இருவர் இல்லை. ஜப்பானில் வேண்டுகோளுக்கும் நன்றிக்கும் இதைப் போடுவார்கள். பழைய ஐபோனில் கைகளுக்குப் பின்னால் மஞ்சள் கதிர்கள் தெரியும். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சிரிப்பு முகம்தான் உண்மையில் யோசிக்க வேண்டியது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அறிமுகமில்லாதவரின் அலுவல் மின்னஞ்சலில் இருந்த சிரிப்பு முகம் அவரை அன்பானவராகக் காட்டவில்லை; திறமை குறைந்தவராகக் காட்டியது! சாதாரண அரட்டையில் கதை வேறு.

சரி, தேக்கடி பார்க்க வருபவர் அறை கேட்டு மெசேஜ் போட்டால்? “வணக்கம் சார், அறை இருக்கிறது, வாடகை இவ்வளவு” என்று எழுதி, கடைசியில் ஒரு கைகூப்பு தாராளமாக வைக்கலாம். மலையாளிக்கும் அது நமஸ்காரம்தான். வாடகையைச் சொல்லாமல் வெறும் சிரிப்பு முகங்களாக அனுப்பினால்தான் அவர் பக்கத்து லாட்ஜுக்குப் போவார்.