அந்த நாக்கை வரைந்தவர் வார்ஹோல் அல்ல

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு ரோலிங் ஸ்டோன்ஸ் டி-ஷர்ட்டில் வரும் உதடு, நாக்குச் சின்னத்தை அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. வரைந்தவர் ஜான் பாஷ். 1970இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவராக இருந்தவர். குழுவின் பாடகர் மிக் ஜாகர் காட்டிய காளி படத்தில் நீட்டியிருந்த நாக்கிலிருந்துதான் யோசனை பிறந்தது. கூலி 50 பவுண்டு. அப்புறம் இன்னொரு 200 கொடுத்தார்கள். இத்தனை கோடிப் பேருக்குத் தெரிந்த படம், வரைந்தவர் பெயர் மட்டும் மறைந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குழப்பம் எங்கே வந்தது என்றும் புரிகிறது: சின்னம் முதலில் வெளிவந்த, அந்தக் குழுவின் 1971 ஆல்பத்தின் ஜிப் வைத்த அட்டைதான் வார்ஹோலின் யோசனை. பாஷ் வரைந்த மூலப் படத்தை 2008இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் விலைக்கு வாங்கியது.