மும்பை பென்குவின்கள் அண்டார்டிகாவிலிருந்து வந்தவையா?

மும்பை பைகுல்லா உயிரியல் பூங்காவைப் புதுப்பித்தபோது அண்டார்டிகாவிலிருந்து பென்குவின்களைப் பிடித்து வந்து, வெயில் ஊரில் அடைத்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2016 ஜூலையில் அங்கே வந்த 8 பென்குவின்களும் தென்கொரியத் தலைநகர் சியோலிலிருந்து வந்தவை. இனம் ஹம்போல்ட். இவற்றின் சொந்த ஊர் பனிக்கண்டமே அல்ல. பெரு, சிலி நாடுகளின் கடற்கரை. அந்தக் கரையை ஒட்டிப் பாலைவனம்கூட இருக்கிறது! கடலில் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம்தான் இவற்றுக்கு மீனும் தருகிறது, பெயரும் தந்தது. பறவை எச்சம் படிந்த மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். பென்குவின் என்றாலே பனிக்கட்டி என்று நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, மும்பை வெயில் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டிய கூடம். மக்கள் பார்வைக்கு அது திறந்தது 2017 மார்ச்சில். அதற்கு முன்பே, 2016 அக்டோபரில், ஒரு பென்குவின் இறந்துபோனது உண்மை. அதை வைத்துக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அண்டார்டிகாவை மட்டும் இதில் இழுக்க வேண்டாம்.