படம் வேண்டாம், அளவைப் போடுங்கள்

குரூசர் வண்டிக்கு, அதாவது தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட மோட்டார் சைக்கிளுக்கு, பாகம் விற்பவர்கள் படத்தை மட்டும் போட்டு 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். ஹேண்டில்பார் விட்டமே சில வண்டிகளில் 22 மி.மீ., சிலவற்றில் 25.4 மி.மீ., அதாவது ஒரு இன்ச். ஒன்றுக்குச் செய்த கிரிப் இன்னொன்றில் எப்படிச் சரியாக உட்காரும்? உயரமான ஹேண்டில்பார் விற்கும்போது, கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் நீளமானதாக மாற்ற வேண்டிவரும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தால் கேபிள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இது எரிச்சலோடு போகிற விஷயம் இல்லை, ஆக்சிலரேட்டர் கேபிள் அப்படி இழுபட்டால் வளைவில் எஞ்சின் தானாக வேகமெடுக்கும்.

அப்புறம் இந்த டூல் கிட். அமெரிக்க குரூசர்களில் பெரும்பாலும் இன்ச் போல்ட், ஜப்பான் வண்டிகளில் மெட்ரிக், அதாவது மி.மீ. அளவு, ஆனால் கிட்டில் எது இருக்கிறது என்பதைப் பெட்டியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆலன் போல்ட்டில், அதாவது தலையில் அறுகோணப் பள்ளம் உள்ள போல்ட்டில், கால் இன்ச் சாவிக்கான பள்ளம் 6.35 மி.மீ.; அதில் 6 மி.மீ. சாவி உள்ளே போய்விடும், அழுத்தித் திருகினால் வழுக்கி மூலையெல்லாம் மழுங்கிவிடும், அதற்குப் பிறகு அந்த போல்ட்டைக் கழற்றுவது பெரும் பாடு.