நாற்பது புள்ளியும் நெவர்ஸ் கணக்கில்

அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களிடம் எர்னி நெவர்ஸ் என்றால் உடனே 1929 நவம்பர் 28 என்பார்கள். அன்று சிகாகோவில் கார்டினல்ஸ் அணி பேர்ஸ் அணியை 40-6 என்று அடித்தது, அந்த நாற்பதும் நெவர்ஸ் ஒருத்தரே எடுத்தது. அந்த நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் இந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. சரி, அவர் புகுந்து ஓடிய வழியை யார் திறந்துவிட்டார்கள்?

டியூக் ஸ்லேட்டர். அன்று 60 நிமிடமும் களத்தில் நின்ற டேக்கிள், அதாவது எதிரணியை மறிக்கும் முன்வரிசை லைன்மேன். அந்த வருடம் லீக் முழுக்க ஒரே கறுப்பின ஆட்டக்காரரும் அவர்தான்.

லைன்மேன் வேலையே அப்படித்தான். பந்து கைக்கு வராது. எதிரே நிற்பவனை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பந்தோடு பின்னால் வருகிறவன் இரண்டு எட்டு அதிகம் ஓடுவதற்காக. ஸ்கோர் ஷீட்டில் இதற்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது!

ஸ்லேட்டரின் அப்பா ஒரு பாதிரியார், வீட்டில் பணத்துக்குத் தட்டுப்பாடு. அயோவாவின் கிளிண்டன் ஊரில் பள்ளி அணியில் சேர்ந்தபோது ஷூ, ஹெல்மெட் இரண்டையும் ஆட்டக்காரர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் வாங்க வீட்டில் வழியில்லை. ஷூ போதும் என்றாராம் பையன். பெரிய பாதம், அதற்கேற்ற ஷூவை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அப்புறம் பழகிப்போய் கல்லூரியிலும் பெரும்பாலும் வெறுந்தலைதான். 1921இல் அயோவா பல்கலைக்கழகம் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியை 10-7 என்று வீழ்த்தி அவர்களுடைய 20 ஆட்ட வெற்றித் தொடரை முறித்த அன்று எடுத்த படம் ஒன்று இருக்கிறது, பாருங்கள். ஹெல்மெட் போட்ட பல பேரைத் தலையில் ஒன்றுமில்லாத ஒரு ஆள் தனியாக மறித்துக்கொண்டு நிற்கிறார்.

1922இல் ராக் ஐலண்ட் அணிக்கு வந்தார், என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின லைன்மேன். 1924இல் கான்சாஸ் சிட்டிக்குப் போன ஆட்டத்தில், கறுப்பினத்தவரை இறக்குவதில்லை என்ற ஊமை உடன்பாட்டால் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். அணி தோற்றது. அதே கான்சாஸ் சிட்டி அணி ராக் ஐலண்டுக்கு வந்தபோது ஸ்லேட்டர் ஆடினார், ராக் ஐலண்ட் ஜெயித்தது. எனக்கு இதைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது, கொஞ்சம் கசப்பாக.

ஆட்டம் இல்லாத மாதங்களில் படித்து 1928இல் சட்டப் பட்டம் வாங்கினார். 1931 சீசனோடு ஓய்வு. அவர் போன கொஞ்ச காலத்தில், 1934 முதல் 1945 வரை, லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. 1948இல் சிகாகோவில் தேர்தலில் ஜெயித்து நீதிபதி ஆனார்.

என் கோபம் இனி சொல்லப்போவதில்தான். கேன்டன் ஊரில், கால்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் திறந்த 1963இலேயே நெவர்ஸை முதல் வரிசையில் சேர்த்தார்கள். அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் நின்று முட்டிய ஸ்லேட்டரைச் சேர்த்தது 2020இல். அவர் செத்து 54 வருடம் ஆகியிருந்தது.