'ஜோக்கர்' படத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாததற்குக் காரணம்

அரசியல் நையாண்டிப் படம் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வெள்ளை வேட்டி மந்திரி உளறுவார், எம்எல்ஏ காலில் விழுவார், தியேட்டர் சிரிக்கும், எல்லோரும் மனசு லேசாகி வீட்டுக்குப் போவோம். ராஜு முருகனின் 'ஜோக்கர்' 2016 ஆகஸ்டில் வந்த படம், இன்னும் என்னால் அதை விட முடியவில்லை என்றால் அந்த நிம்மதியை அது நமக்குத் தராததுதான் காரணம். அதில் அடி வாங்குவது ஆட்சியில் இருப்பவர்கள் மட்டுமில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் தனியாளாக அட்டை பிடித்து நிற்கிறவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, 'இவருக்கு வேற வேலை இல்ல' என்று பஸ் ஏறுகிற நாமும்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: தர்மபுரி மாவட்டத்துக் கிராமத்தில் மன்னர் மன்னன் என்று ஒருவர் தன்னை நாட்டின் ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டு உத்தரவு போடுகிறார், போராட்டம் நடத்துகிறார். குரு சோமசுந்தரம் நடித்திருக்கிறார், நடித்திருக்கிறார் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு. முதலில் நாமும் சிரிக்கத்தான் செய்வோம். அப்புறம் பின்கதை வரும். மன்னர் மன்னன் கட்டிக்கொள்ளப்போகிற மல்லிகை கேட்பது நகை இல்லை, வீட்டில் ஒரு கழிப்பறை. அதற்கு அரசுத் திட்டம் இருக்கிறது, பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தப் பணம் கை மாறி மாறி ஊர் வந்து சேரும்போது மிஞ்சுவது அரைகுறையாக நிற்கும் ஒரு கழிப்பறை. மழை ராத்திரியில் கர்ப்பிணியான மல்லிகை அதற்குள் போகிறாள், சுவர் இடிந்து விழுகிறது. சாகவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அவளைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டு அவன் கோர்ட்டுக்குப் போகிறான், மறுக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் அவன் ஜனாதிபதி ஆகிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள். புத்தி பேதலித்ததால் அவன் கேள்வி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு, போக வேண்டிய எல்லா வாசலுக்கும் முறைப்படி போய்ப் பார்த்து, அதன் பிறகுதான் அப்படி ஆகிறான்.

மிகைப்படுத்தல் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் எதுவும் நடக்காமல், ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். நாலு பேருமே பிழைக்கவில்லை. இதைக் கண்டித்துக் கேலிச்சித்திரம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை அடுத்த மாதமே கைது செய்தார்கள், மறுநாள்தான் ஜாமீன் கிடைத்தது. மனு கொடுத்தவர் செத்துப்போனார், அதை வரைந்தவர் கைதானார். படம் வந்து ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது அப்போது. இதற்கு மேல் ஒரு இயக்குநர் எதை மிகைப்படுத்த முடியும்?

மு. ராமசாமி நடித்த பொன்னூஞ்சல் பாத்திரமும் அப்படித்தான். ஊருக்காகப் போராடிக்கொண்டே இருக்கும் பெரியவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சசிபெருமாள் ஞாபகம் வரும். 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டவர். டிராஃபிக் ராமசாமியும் அதே ரகம்தான், பேனர் கட்டியவர்களை கோர்ட்டுக்கு இழுத்தே வயசானவர். இருக்கும்வரை இவர்களை எவ்வளவு கேலி பேசினோம், செத்த பிறகு எவ்வளவு அஞ்சலிப் பதிவு போட்டோம்! எனக்கு இதில் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. கடைசியில் வரும் பேச்சு நீளம், அதுவரை படம் நமக்கே புரிய வைத்ததை மறுபடி மேடை போட்டுச் சொல்கிறது. மல்லிகைக்கு அந்தப் பின்கதையில் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம், கழிப்பறை வேண்டும் என்று உறுதியாக நின்றவளே அவள்தானே. ஆனால் செழியனின் கேமராவில் அந்த வறண்ட ஊரும், ஷான் ரோல்டன் இசையில் சுந்தரய்யர் பாடிய 'ஜாஸ்மினு' பாட்டும் மனசை விட்டுப் போகாது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது, அந்தப் பாட்டுக்காக சுந்தரய்யருக்கும் கிடைத்தது. அந்த விருதை வழங்குவது நிஜ ஜனாதிபதி.

தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமத்து வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். 2019 அக்டோபர் 2 அன்று நாட்டின் கிராமங்களில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டது என்றே அறிவித்துவிட்டார்கள். சரி, உங்கள் ஊரில் எத்தனை கழிப்பறைக்குக் கதவு இருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனையில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள்? வருகிற கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பயனாளிகள் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பெயர்களில் எந்த வீட்டில் கழிப்பறையே இல்லை என்று அங்கேயே எழுந்து நின்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது எழுந்து கேட்டால், தயவுசெய்து அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.