ஒரு பெட் காலி

விடியக்காலை 4 மணிக்கு அந்தப் பாட்டி போயிட்டாங்க. ஏற்காட்டு மலைக் கிராமத்துல இருந்து வந்தவங்க, 11 நாளா எங்க வார்டுல இருந்தாங்க. எப்ப பிபி பாக்கப் போனாலும் "சாப்டியா கண்ணு?"ன்னு கேப்பாங்க. கையில மருந்து ஏத்தறதுக்குக் குத்தியிருந்த கேனுலாவைக் கழட்டிப் பஞ்சு வச்சு பிளாஸ்டர் போட்டேன். வீங்கின கையில வெள்ளிக் காப்பு இறுகிக் கிடந்துச்சு. ஜெல்லி தடவி மெதுவா உருவி, பேப்பர்ல மடிச்சு மகன்கிட்டக் குடுத்துக் கையெழுத்து வாங்கினேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஆனா அப்ப மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணு: ஒரு பெட் காலி.

டூட்டி முடிஞ்சு சேலம் அஞ்சு ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறப்பத்தான் அது உறைச்சுது. அழுகை வரலை. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

14 வருஷமா நர்ஸா இருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு குழந்தை போனப்ப ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். "போகப் போகப் பழகிடும்"னாங்க சீனியர் சிஸ்டர். பழகறது வேற, மரத்துப் போறது வேற. பழகினவளுக்குக் கை நடுங்காது, ஆனா முகத்தைப் பாத்துப் பேசுவா. நான் பெட் நம்பரோட பேச ஆரம்பிச்சிருந்தேன்.

இதுக்கு 'பர்ன் அவுட்'னு பேரு. உலக சுகாதார நிறுவனம் 2019-லயே இதை நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல சேத்திருக்கு. வியாதியா சேக்கலை. வேலை இடத்துல நாள்கணக்கா இருக்கிற அழுத்தத்தைச் சரியாக் கவனிக்காம விட்டா வர்ற நிலைமைன்னு சொல்லுது. மூணு அடையாளம்: ஒரேயடியா ஓய்ஞ்சு போறது, வேலை மேல விலகலும் கசப்பும், நாம செய்யறது எதுவும் உருப்படி இல்லைங்கற நினைப்பு. மூணும் எனக்கு இருந்துச்சு. 'வேலை இடத்துல'ங்கற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

யார்கிட்டச் சொன்னாலும் "ரெண்டு நாள் ஏற்காடு போயிட்டு வா"ங்கறாங்க. போனேன். 20 கொண்டை ஊசி வளைவையும் பையன் ஜன்னலோரமா எண்ணிக்கிட்டே வந்தான். பகோடா பாயிண்ட்ல நிக்கறப்ப பக்கத்துல யாரோட போனோ கீச்சுன்னு அடிச்சுது. மருந்து ஏத்தற இன்ஃப்யூஷன் பம்ப் கத்துதுன்னு என் கால் தானா நகந்துருச்சு. நல்ல குளிர், நல்ல காத்து, எல்லாம் இருந்துச்சு. இறங்கி வந்தா அதே வார்டு, ராத்திரியில 22 பேருக்கு நான் ஒருத்தி.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனை பொது வார்டுல 3 பேருக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரியில 5 பேருக்கு ஒரு நர்ஸ். லீவு போறவங்களுக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் தனியா வேணும். 22-ஐ 5-ஆல வகுத்துப் பாருங்க, நாலுக்கு மேல வருது. மே 12, நர்ஸ் தினம் வந்தா மேடை ஏத்தி, பூங்கொத்து குடுத்து, தேவதைங்கறாங்க. இன்னும் மூணு பேரையாவது கூடப் போடுங்கன்னு கேட்டா சேவை மனப்பான்மை இல்லையாம். எனக்கு இதுலதான் கோபம் வருது.

ஒருநாள் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்டப் பாட்டி விஷயத்தை மறைக்காம சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் போன வருஷம் இப்படித்தான்மா இருந்துச்சு"ன்னாங்க. நைட் முடிச்சவளுக்கு அன்னிக்கே டபுள் டூட்டி போடறதை அந்த வாரமே நிறுத்தினாங்க. ஆள் சேக்கறது அவங்க கையில இல்லை. ஆறு பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்திருக்கோம், பதில் வரலை, திரும்பவும் எழுதுவோம்.

தூக்கமே வராத ஒரு ராத்திரி 14416-க்கு, அதான் அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், போன் பண்ணினேன். 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசினாங்க. வார்டுல நிக்கற யாருக்காவது என் கதை மாதிரி இருந்தா, தயவுசெஞ்சு அந்த நம்பரை எழுதி வச்சுக்குங்க. வீட்ல சொல்ல முடியாததை அங்க சொல்லலாம்.

இப்ப எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. யாராவது இறந்துட்டா, அடுத்த அட்மிஷன் எடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வெளிய உக்காரணும். பக்கத்து வார்டு ஸ்டாஃப் வந்து நின்னுக்குவாங்க. போன வாரம் ஒரு தாத்தா போனப்ப நான் படிக்கட்டுல உக்காந்தேன். அப்பத்தான் அந்தப் பாட்டியோட பேர் ஞாபகம் வந்துச்சு. 11 நாளும் சார்ட்ல என் கையாலயே எழுதின பேரு.