மாத்திரைக்கு அளவு உண்டு, நடைக்கு இல்லையா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு, ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் சர்க்கரை நோய் வந்தது. சரிவில் ஏறி இறங்கியும், எடை போடும் இடம்வரை கொழுந்து மூட்டையைச் சுமந்தும் பழகிய உடம்பு, வேலை நின்றதும் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயர், மில்லிகிராம், காலை, இரவு, உணவுக்குப் பின் என எல்லாம் இருந்தன. நடை மட்டும் சீட்டில் ஏறாமல், "நல்லா நடங்கம்மா" என்ற வாய்ச்சொல்லோடு முடிந்தது.

எவ்வளவு நேரம், எப்போது, ஏற்றத்திலா சமதளத்திலா என்று யாரும் சொல்லாததால், அம்மா தொலைக்காட்சியில் கேட்டபடி விடியற்காலையில் கிளம்பினார். அந்த அறிவுரை சமவெளிக்குப் பொருந்தலாம். இங்கே அந்த நேரத்தில் மூடுபனிக்குள் காட்டெருமை நிற்கும், கரடி குறுக்கே போகும். கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடுவதால், இதய நோயாளிகளுக்கு அது ஆபத்தும்கூட. மூன்றாம் நாள் காட்டெருமையைக் கண்டு திரும்பியவர், நடையையே விட்டுவிட்டார். அவரைச் சோம்பேறி என்று நான் கடிந்துகொண்டது இன்றும் உறுத்துகிறது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நீக்கிவிட்டது. மேடும் பள்ளமுமான ஊரில் இது பெரிய ஆறுதல். மதியம் சாப்பிட்டபின், வெயில் இருக்கும்போது, கடைவரை போய்வந்தாலும் கணக்கில் சேரும். இயங்கும் தசை இன்சுலினின் துணையில்லாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், அந்தச் சிறு நடை மருந்தாகவே வேலை செய்கிறது. மருந்து என்பதால்தான் அளவும் எச்சரிக்கையும் தேவை: இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம், ஏற்றம் மூச்சையும் இதயத்தையும் சோதிக்கும், இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும்.

கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் இதையெல்லாம் விளக்க மருத்துவருக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் அத்திட்டத்தில் உண்டு. வீடு தேடி வருபவர்கள் வாசற்படியையும் பாதையின் சரிவையும் நேரில் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்ததைக் கேட்டு, மாத்திரை எழுதும் அதே சீட்டில் மருத்துவர் நடையையும் எழுதித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற மாதம் நானே கேட்டு எழுதி வாங்கினேன்: "மதிய உணவுக்குப் பின் 10 நிமிடம், கோயில்வரை, சமதளம், மார்பு வலித்தால் நிறுத்தவும்." அம்மா அதை மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.